உடம்பின் ஏடு யாருக்குச் சொந்தம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயத் தொழிலாளி வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தோம். இறந்தவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த பெண். வயது முப்பதைத் தாண்டவில்லை. வலிப்புக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் இரண்டாவது வாரம் காய்ச்சல் கண்டது. வாய் வெந்தது. கண் சிவந்தது. பிறகு தீயில் பட்டதுபோல் உடம்பெங்கும் தோல் உரிந்தது. 'அம்மன் கோபம்' என்றார்கள் சிலர். 'அவள் தலையெழுத்து' என்றார் தாயார். என்ன மாத்திரை என்று கேட்டோம். காலி அட்டைகூட வீட்டில் இல்லை. அவர் செத்த கணக்கு சர்க்கார் ஏட்டில் ஏறியது. எதனால் செத்தார் என்ற கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அன்று நமக்கும் விவரம் தெரியாது. பிற்பாடு படித்தும் டாக்டர் நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லுகிறோம். ஏனென்றால் இது டாக்டர்களுக்கு மட்டும் உரிய சமாசாரமல்ல. கூலிக்கு உழைத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருடைய உயிரையும் பற்றிய சமாசாரம்.

தோல் உரியும் இந்த நோயை 1922இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் விவரித்து எழுதினார்கள். அவர்கள் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் மருந்தினால் வருவது. முற்றிய நிலையில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுபோகிறார்கள். பிழைத்தவர்களில் கண் பார்வை இழந்தவர்களும் உண்டு. இதை உண்டாக்கும் மருந்துகளில் ஒன்று, வலிப்புக்குக் கொடுக்கப்படும் கார்பமாசெபின். இது ஸ்விட்சர்லாந்தின் கெய்கி கம்பெனியில் 1953இல் தயாரானது. 1960களில் சந்தைக்கு வந்தது. நல்ல மருந்துதான். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அதனால் வலிப்பில்லாமல் வாழுகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. ஐரோப்பிய வம்சத்தாரில் இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் 10,000 பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரைக்குத்தான் இந்த ஆபத்து. சில ஆசிய நாடுகளிலோ அது சுமார் பத்து மடங்கு! ஒரே மாத்திரை, ஒரே அளவு. அங்கே அபூர்வமான விபத்து. இங்கே அடிக்கடி சாவு. காரணம் என்ன?

தைவான் கண்ட விடை

விடை 2004இல் தைவானிலிருந்து வந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் உடம்பின் ஏட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவறையிலும் ஒரு ஏடு இருக்கிறது. நான்கே எழுத்துக்களால் எழுதிய ஏடு. ஆனால் நீளமோ சுமார் 300 கோடி எழுத்து! தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. இந்த ஏட்டில் ஒரு பகுதி, உடம்பின் காவலைப் பற்றியது. மில் வாசலில் வாட்ச்மேன் டோக்கன் பார்த்து ஆளை உள்ளே விடுகிறாரல்லவா? அதைப்போல, அணுவறை தன் உள்ளே இருக்கும் சரக்கின் மாதிரியை வாசலில் தூக்கிக் காட்டுகிறது. ரத்தத்தில் ரோந்து வரும் காவல் அணுக்கள் பார்த்து, நம்முடையது என்றால் விட்டுவிடும், அந்நியம் என்றால் தாக்கும். மாதிரியைத் தூக்கிக் காட்டும் அந்தக் 'கை' எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. பல்லாயிரம் வகை உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு எச்.எல்.ஏ.-பி 15:02 என்று பெயர். இந்தக் கை உள்ளவர்களில் சிலருக்கு, கார்பமாசெபின் அதில் போய் ஒட்டிக்கொள்ளுகிறது. காவல் அணுக்கள் ஏமாந்து, சொந்தத் தோலையே எதிரி என்று தாக்குகின்றன.

தைவான் விஞ்ஞானிகள் இதை எப்படிக் கண்டார்கள்? மஸ்டர் ரோலைச் சரிபார்க்கும் முறையில்தான்! ஒரு பட்டியலில் அந்த மருந்தால் தோல் உரிந்த 44 பேர். இன்னொன்றில் அதே மருந்தை ஒரு கெடுதலுமின்றிச் சாப்பிட்ட 101 பேர். இரு சாராருடைய உடலெழுத்துக்களையும் ஒப்பிட்டார்கள். நோய்கண்ட 44 பேரில் 44 பேரிடமும் அந்த வகை இருந்தது. நோய்காணாத 101 பேரில் மூவரிடம்தான் இருந்தது.

44 பேருக்கு ஓரிரு மரபணுக்களை ஒப்பிடுவது கையால் ஆகிற காரியம். லட்சம் பேருடைய 300 கோடி எழுத்தையும் ஒப்பிட மனிதன் கையால் ஆகுமா? கணக்கும் கம்ப்யூட்டரும் வேண்டும். இதற்கென்றே ஒரு விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது. உயிரித் தகவலியல் என்று சொல்லுகிறார்கள். எந்த எழுத்து எந்த நோயோடு சேர்ந்து வருகிறது, எந்த மருந்து யாருக்கு விஷமாகிறது என்று சலித்து எடுப்பது அதன் வேலை.

இந்த விஞ்ஞானத்தின் பலனையும் தைவான் காட்டியது. அங்கே 23 ஆஸ்பத்திரிகளில் 4,877 பேருக்கு, மாத்திரை கொடுக்குமுன் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 7.7 பேரிடம் அந்த வகை இருந்தது. அவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இதையே கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேர் தோல் உரிந்து படுத்திருக்க வேண்டும். ஒருவர்கூடப் படுக்கவில்லை! 2011இல் இந்த முடிவு வெளியாயிற்று. அதற்கு முன்னாலேயே, 2010இல், தைவானின் தேசிய சுகாதார இன்ஷூரன்ஸ் இந்தப் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொண்டுவிட்டது.

தலையெழுத்தா தோழர்களே? உடம்பின் எழுத்தைப் படிக்க முடியும், படித்தால் சாவைத் தடுக்க முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள்.

யாருடைய ரத்தம் கணக்கில் சேர்ந்தது?

மருந்து சந்தைக்கு வந்தது 1960களில். காரணம் தெரிந்தது 2004இல். நாற்பது ஆண்டுகள்! இத்தனை தாமதத்துக்கு விஞ்ஞானக் கருவிகள் இல்லாதது ஒரு காரணம். அதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அது மட்டும்தானா? நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய உலகெங்கும் திரட்டிய மாதிரிகளை 2009இல் எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 96 ஐரோப்பிய வம்சத்தாருடையவை! 2016இல் மறுபடி எண்ணியபோதும் 81. பணமுள்ள நாட்டு மக்களின் ஏட்டைப் படித்துவிட்டு, உலகத்துக்கே மருந்து எழுதினால், விட்டுப்போனவர்களின் தோல்தானே உரியும்?

நம் நாட்டிலும் இந்த வகை இருக்கிறது. கார்பமாசெபினால் தோல் உரிந்த எட்டு இந்திய நோயாளிகளைப் பரிசோதித்ததில் ஆறு பேரிடம் அது இருந்ததாக 2009இல் டாக்டர்கள் பிரசுரித்தார்கள். பத்தாயிரம் இந்தியரின் ஏட்டை முழுதும் படிக்கும் ஜீனோம் இந்தியா திட்டம் 2020இல் தொடங்கியது. 83 மக்கள் பிரிவினரிடம் ரத்தம் பெற்றார்கள். 2025 ஜனவரியில் அந்தத் தகவல் ஆராய்ச்சியாளருக்குத் திறக்கப்பட்டது. பரீதாபாத்தில் சேமித்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். வரவேற்கிறோம். நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இது முதல் படிதான் என்பதையும் சொல்லுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'பார்த்தாயா, ரத்தத்திலேயே பேதம் இருக்கிறது' என்று சாதித் திமிர் பேசுவோர் இந்த விஞ்ஞானத்தைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும். ஏமாறாதீர்கள்! தைவானிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வகை கிடையாது. உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஐரோப்பியரிடம் இதே மருந்துக்கு ஆகாத வேறொரு வகையை 2011இல் கண்டுபிடித்தார்கள். ஏட்டில் ஒரு எழுத்து மாறியிருப்பது உயர்வுமல்ல, தாழ்வுமல்ல. சாதியைக் கேட்டு மருந்து கொடு என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் பரிசோதித்துக் கொடு என்றுதான் சொல்லுகிறது.

பொதுச் சொத்தா, ஏலச் சரக்கா?

இனிதான் முக்கியமான கேள்வி. இந்த ஏடு யாருக்குச் சொந்தம்?

மனித ஏட்டைப் படிக்கும் பெரும் பணி 1990இல் தொடங்கி 2003இல் நிறைவேறியது. ஆறு நாட்டு விஞ்ஞானிகள் கூடி உழைத்தார்கள். படித்த எழுத்தை 24 மணி நேரத்துக்குள் உலகத்துக்கே பகிரங்கமாக்குவது என்று 1996இல் பெர்முடாவில் கூடி முடிவுசெய்தார்கள். எச்.எல்.ஏ. வகைகளின் பட்டியலும் 1998 முதல் யாரும் பார்க்கலாம் என்ற பொது ஏடாக இருக்கிறது. பொதுவில் வைத்ததனால் விஞ்ஞானம் நலிந்ததா? வளர்ந்தது!

மறுபக்கம் பாருங்கள். அமெரிக்காவில் மிரியட் என்ற கம்பெனி, மார்புப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட இரண்டு மரபணுக்களுக்குப் பேட்டன்ட் வாங்கி வைத்துக்கொண்டது. இயற்கை எழுதிய எழுத்துக்குக் கம்பெனி பட்டா! ஒரு பரிசோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்கியது. 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக, இயற்கையாக உள்ள மரபணுவுக்குப் பேட்டன்ட் இல்லை என்று தீர்ப்பளித்தது. அன்றைக்கே மற்ற ஆய்வுக்கூடங்கள் விலையைக் குறைத்து அறிவித்தன. ஏகபோகம் போனதும் விலை இறங்கிற்று.

இன்னொரு கதை. 23அண்ட்மி என்ற கம்பெனி, எச்சிலை அனுப்பினால் உன் பூர்வீகம் சொல்லுகிறேன் என்று ஒன்றரைக் கோடிப் பேருடைய மரபணுத் தகவலைச் சேர்த்தது. 2018இல் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி அதில் 30 கோடி டாலர் முதலீடு செய்து, அந்தத் தகவலை மருந்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. 2025 மார்ச்சில் கம்பெனி திவாலாயிற்று. கடன்காரர் மேசை நாற்காலியை ஏலம் போடுவதுபோல், மக்களின் ஏடும் ஏலத்துக்கு வந்தது! கடைசியில் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அமைத்த லாபநோக்கற்ற ஸ்தாபனம் 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. எச்சில் கொடுத்தவர்களுக்கு விலை பேசும் மேசையில் இடமில்லை.

ஒருவனுடைய ஏட்டைத் தனியே வைத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. ஆயிரம் பேருடையதோடு ஒப்பிட்டால்தான் பொருள் விளங்கும். ஆகவே இந்த அறிவே கூட்டு உழைப்பில் பிறந்தது. எல்லோரும் சேர்ந்து விளைவித்ததை ஒருவன் களஞ்சியத்தில் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

நாம் கேட்பவை இவை:

ஒன்று: ஆபத்து நிரூபணமான மருந்துகளுக்கு முன்பரிசோதனை சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் இலவசமாக நடக்க வேண்டும். பணம் கட்டினவருக்கு மட்டும் பாதுகாப்பு என்பது கூடாது.

இரண்டு: மக்கள் தந்த ரத்தத்தில் கிடைத்த தகவல் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். அதைக்கொண்டு லாபம் காணும் கம்பெனி, மலிவு விலையில் மருந்தாகவும் பரிசோதனையாகவும் திருப்பித் தர வேண்டும்.

மூன்று: யாருடைய ஏடு எது என்ற ரகசியம் காக்கப்பட வேண்டும். வேலை கொடுக்கவும் சுகாதார இன்ஷூரன்ஸ் கொடுக்கவும் மரபணுவைப் பார்த்துப் பேதம் காட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 2008இல் சட்டம் வந்தது. இங்கும் தெளிவான சட்டம் தேவை.

நான்காவது, நம் கையிலேயே இருக்கும் காரியம். இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முற்றும். எந்தப் புது மாத்திரையானாலும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தோலில் தடிப்பும் கண்டால், அட்டையோடு அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்தின் கெடுதலைப் பதிவுசெய்ய 2010 முதல் சர்க்கார் திட்டம் ஒன்று இருக்கிறது. காஜியாபாத்தில் தலைமை நிலையம். டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியும் வீட்டாரும் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், ஏட்டில் ஏறாத சாவை அதனால் எண்ண முடியாது.

அந்தத் தாயார் இன்றும் கூலிக்குப் போகிறார். மகள் செத்தது தலையெழுத்து என்றுதான் இன்றும் நம்புகிறார். அவரிடம் போய் விளக்கம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த வீட்டு மகளுக்கு அது நேராமல் தடுக்கலாம். அட்டையை வைத்திருப்போம். கணக்கில் ஏற்றுவோம். பரிசோதனையைக் கேட்டு வாங்குவோம்!