அழைப்பு வேறு, அன்னம் வேறு

சமயம் பரப்புவதும் பசி தணிப்பதும் காலங்காலமாக ஒன்றையொன்று தொட்டே நடந்து வந்துள்ளன. எனினும் அவை இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது என்ன நேரும் என்பதற்கு ஆப்கானிஸ்தானத்தின் அண்மைக்கால வரலாறு நமக்குப் பாடமாக அமைந்துள்ளது.

முதலில் வானொலியை எடுத்துக்கொள்வோம். ஃபெபா என்னும் கிறித்தவ ஒலிபரப்பு நிறுவனம், 1970 முதல் 2003 வரை இந்தியப் பெருங்கடலிலுள்ள சீஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலை வழியே பன்மொழி நிகழ்ச்சிகளை அனுப்பி வந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளையும் அவ்வலைகள் எட்டின. இதனைக் கேள்வியுற்றுச் சினங்கொள்வோர் நம்மிடையே உண்டு. நாம் அவர்களோடு உடன்படவில்லை. வானொலி தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறது. விரும்புவோர் கேட்கின்றனர், விரும்பாதோர் குமிழைத் திருகி நிறுத்திவிடுகின்றனர். சொல்லுக்குச் சொல்லால் விடையளிக்கலாம். ஒரு சிற்றலைக்கு அஞ்சும் அளவிற்கு நம் ஈமான் மெலிந்ததன்று.

ஆனால், நிவாரணப் பொருளின் நிலை அத்தகையதன்று. பசித்த பிள்ளையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய், நீட்டப்படும் ரொட்டியை மறுக்க இயலாது. மறுக்க இயலாதவரிடம் ரொட்டியோடு சேர்த்து வேறொன்றையும் நீட்டுவது அழைப்பாகுமா? அது அவருடைய வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதேயாகும்.

2001 ஆகஸ்டில், 'ஷெல்ட்டர் நவ்' என்னும் கிறித்தவத் தொண்டு நிறுவனத்தின் வெளிநாட்டுப் பணியாளர் 8 பேரையும் ஆப்கானியப் பணியாளர் 16 பேரையும், சமயப் பரப்புரை செய்தனர் எனக் குற்றஞ்சாட்டித் தாலிபான் அரசு காபூலில் சிறைப்படுத்தியது. ஓர் ஆப்கானியக் குடும்பத்தினருக்கு ஏசுநாதர் பற்றிய திரைப்படத்தைக் காட்டியதை, கைதான அமெரிக்கப் பெண்கள் இருவரும் பின்னர் ஒப்புக்கொண்டனர். வெளிநாட்டினர் எண்மருக்காகக் குரல் கொடுக்க அவரவர் அரசுகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் அவர்கள் மீட்கப்பட்டனர். அந்த 16 ஆப்கானியருக்காகக் குரல் கொடுத்தவர் எத்தனை பேர்? அவர்களின் பெயர்களைக் கூட உலகம் நினைவில் கொள்ளவில்லை.

கேடு அத்துடன் நிற்கவில்லை. 1966 முதல் அந்நாட்டில் பணியாற்றி, கண் மருத்துவத்தால் பெயர்பெற்ற 'இன்டர்நேஷனல் அசிஸ்டன்ஸ் மிஷன்' என்னும் கிறித்தவ நிறுவனத்தையும் அதே ஆகஸ்ட் மாத இறுதியில் தாலிபான்கள் மூடினர். ஆட்சி மாறியபின் அது தன் பணியைத் தொடர்ந்தது. 2010 ஆகஸ்டில் நூரிஸ்தானில் கண் சிகிச்சை முகாம் நடத்தித் திரும்பிய அதன் குழுவினர் 10 பேர் பதக்ஷானில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் சமயம் பரப்பினர் என்றனர் தாலிபான்கள். நிறுவனமோ அதனை மறுத்தது. மாண்டவருள் ஆப்கானியர் இருவர்.

திரைப்படம் காட்டிய தவற்றையும் மருத்துவரைக் கொன்ற கொடுமையையும் ஒரே தராசில் வைப்பதற்கில்லை. கண்ணொளி தந்தவரின் உயிரைப் பறிக்க இஸ்லாம் எவருக்கும் உரிமை வழங்கவில்லை. எனினும், ஒருவர் மறைத்துச் செய்யும் பரப்புரை, மறைக்க ஏதுமற்ற தொண்டர் அனைவர் மீதும் ஐயத்தை ஏற்றிவிடுகிறது என்பதையும் நாம் மறுக்கவியலாது.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை நெறி, எந்த ஒரு சமய, அரசியல் நிலைப்பாட்டையும் வளர்க்க உதவிப்பொருள் பயன்படலாகாது என்கிறது. அதனை வகுத்தோருள் உலகத் திருச்சபைகள் மன்றமும் கத்தோலிக்கரின் காரிதாஸ் அமைப்பும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளித்து, கைம்மாறோ நன்றியோ எதிர்பாராத நல்லோரைத் திருக்குர்ஆனின் 'அல் இன்ஸான்' அத்தியாயமும் போற்றுகிறது.

பிறரை அளக்கும் இக்கோலால் நம்மையும் அளந்துகொள்வோமாக. வெள்ளமோ புயலோ வருங்கால் நம் மாணவச் செல்வங்களும் அரிசி மூட்டை சுமந்து செல்வர். அம்மூட்டையில் அரிசி மட்டுமே இருக்கட்டும். நம் மார்க்கத்தைப் பற்றி எவரேனும் வினவினால், அவர் வயிறு நிறைந்தபின், அவருடன் சமமாக அமர்ந்து உரையாடுவோம்.