இன்னொரு வருடம் நீட் எழுதலாமா? காலனி வீடுகளின் கணக்கு

நீட் முடிவு வந்து, மருத்துவக் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியலும் ஒட்டப்பட்ட பிறகு சேலம், நாமக்கல் மாவட்டக் காலனிகளில் ஒரு கேள்வி எழும். ‘பிள்ளைக்குச் சீட்டு கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் படிக்க வைக்கலாமா, கிடைத்த படிப்பில் சேர்த்துவிடலாமா?’ வசதியான வீட்டில் இதற்குப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகாது. பணத்தைக் கட்டிப் பயிற்சி மையத்தில் விட்டுவிடுவார்கள். கோழிப் பண்ணையிலும் விசைத்தறியிலும் கட்டட வேலையிலும் கூலி வாங்கும் வீட்டில் அந்த ஒரு வருடம் என்பது ஒரு சம்பாத்தியத்தை இழப்பது, ஒரு கடனை ஏற்பது.

இந்தக் கேள்வியைப் பிள்ளையின் திறமை பற்றியதாக மட்டும் பார்ப்பது தவறு. நீட் வந்த பிறகு மருத்துவ இடம் யாருக்குப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

திரும்ப எழுதுபவர்களின் தேர்வு

மறுமுறை எழுதி மதிப்பெண்ணைக் கூட்டும் வழக்கம் நீட்டோடு பிறந்ததல்ல. தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. அந்தக் காலத்தில் ‘இம்ப்ரூவ்மென்ட்’ எழுதி மருத்துவத்துக்குப் போனவர்கள் உண்டு. மறுபடி எழுத வசதியுள்ளவர்களுக்கே அது உதவுகிறது என்ற குறை அப்போதும் எழுந்தது. 2007-08 முதல் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்தது. 2017 முதல் நீட் முழுமையாக வந்தது.

அந்த ஆண்டுதான் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த தலித் மாணவி அனிதா, பிளஸ் 2 தேர்வில் 1,200க்கு 1,176 எடுத்தும் நீட் தேர்வில் 86 மட்டுமே பெற்று, உச்ச நீதிமன்றம் வரை போராடி, செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பழைய முறையில் அவருடைய கட்-ஆஃப் 200க்கு 196.75. மருத்துவராகியிருக்க வேண்டிய பெண்.

பிறகு என்ன நடந்தது? 2019ல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் 2,041 பேர் ஒரு முறைக்கு மேல் நீட் எழுதியவர்கள் என்ற விவரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வெளியானது. பயிற்சி மையத்துக்கே போகாமல் இடம் பிடித்தவர்கள் 48 பேர் மட்டுமே. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021 ஜூலையில் அளித்த அறிக்கையும் இதையே சொன்னது. நீட்டுக்கு முன், 2016-17ல், மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் 2 முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21ல் அது 71.42 சதவீதம்.

பத்துக்கு ஏழு இடம் திரும்ப எழுதியவர்களுக்குப் போகிறது என்றால், முதல் முறையில் இடம் கிடைக்காதது எந்த மாணவருக்கும் அவமானம் இல்லை. ஆனால் இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தத் தேர்வுக்கு எழுதப்படாத கட்டணம் ஒன்று உண்டு. அது ஒரு வருடம். அதை யாரால் கட்ட முடியும் என்பதில் சாதியும் நிலமும் கூலியும் வந்து நிற்கின்றன.

நாமக்கல் கற்றுக்கொடுத்த பாடம்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் பிளஸ் 2 மதிப்பெண்ணுக்குப் பெயர்போனது. விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளைத் தேடி மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அவற்றில் பல பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்தின. நீட் தேர்வில் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். எனவே அந்த வித்தை செல்லாமல் போனது. உடனே அதே வட்டாரத்தில் நீட் பயிற்சித் தொழில் வளர்ந்தது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித் துறை நடத்திய சோதனையில் சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியது. திரும்ப எழுதும் பிள்ளைகளின் ஏக்கம் எவ்வளவு பெரிய சந்தை என்பதற்கு அது ஒரு சான்று.

விடுதியோடு ஓராண்டுப் பயிற்சி என்றால் லட்சத்துக்கு மேல் ஆகும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியில் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் அதை அடைக்கும்வரை அந்தத் தறியை விட்டு வெளியே வர முடியாது என்பது அங்கே வேலை செய்யும் குடும்பங்களுக்குத் தெரியும். பிள்ளையின் நீட் பயிற்சிக்காக அப்படி ஒரு முன்பணம் வாங்கினால், இடம் கிடைக்காத நிலையில் குடும்பமே கட்டுண்டு போகும்.

பதிவேட்டில் இல்லாத மாணவர்

அதிகம் பேசப்படாத சங்கதி ஒன்று இருக்கிறது. பிளஸ் 2 முடித்துவிட்டு வீட்டில் இருந்து நீட்டுக்குப் படிக்கும் மாணவர் அரசின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதி பள்ளி, கல்லூரியில் படிப்பவர்களுக்கானது. போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்தவர்களுக்கானது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறவும் உயர்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும். 2017ல் ஒன்றியங்கள்தோறும் அறிவிக்கப்பட்ட இலவச நீட் பயிற்சியும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை மனதில் வைத்து வந்ததுதான்.

அரசு உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த ஒரு வருடத்தில், பள்ளியில் இருந்தவரை கிடைத்த உதவிகளும் நின்றுவிடுகின்றன. பெண் பிள்ளை என்றால் இன்னும் சிக்கல். ‘சும்மாதானே வீட்டில் இருக்கிறாள்’ என்று வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆகவே இது உணர்ச்சி வேகத்தில் எடுக்கும் முடிவு அல்ல. தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

முதலாவது, ‘தகுதி’ வேறு, ‘இடம்’ வேறு. எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 40 பெர்சன்டைல் எடுத்தால் தகுதி. 2025ல் அது 720க்கு 113 மதிப்பெண். 113 எடுத்த பிள்ளையை ‘நீட் பாஸ்’ என்று சொல்லி, தனியார் கல்லூரியின் நிர்வாக இடத்தைக் காட்டி வரும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, மதிப்பெண்ணைவிட தரவரிசையைப் பாருங்கள். 2024ல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025ல் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் எடுத்தது 686. ஒரே மதிப்பெண்ணுக்கு ஓராண்டில் இடம் கிடைக்கும், மறு ஆண்டில் கிடைக்காது. ‘போன வருடம் இவ்வளவு எடுத்தவனுக்குக் கிடைத்ததே’ என்ற பேச்சு இதனால்தான் தப்புக் கணக்காகிவிடுகிறது.

மூன்றாவது, உங்களுக்கு உரிய பட்டியலைப் பாருங்கள். பொதுப் பட்டியலைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத ஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். 2009ல் வந்த இந்த உள் ஒதுக்கீடு நம் இரு மாவட்ட அருந்ததியர் பிள்ளைகளுக்கு முக்கியமானது. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்துவிட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் சேர்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அரசுப் பள்ளியிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மருத்துவம் சேர்ந்தார்கள். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து 400 பேர் தாண்டினார்கள்.

இந்த 7.5 சதவீதம் திரும்ப எழுதுபவர்களுக்கும் உண்டு. அதற்குள்ளும் சமூக ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. ஒரு பேச்சுக்கு 7.5 சதவீதத்தில் 500 இடம் என்று வைத்துக்கொண்டால், பட்டியல் சாதியினருக்கு 90, அதில் அருந்ததியருக்கு 15. அந்தப் பட்டியலில் கடைசியாக இடம் பெற்றவருக்கும் உங்களுக்கும் எத்தனை பேர் இடைவெளி? சில பத்துப் பேர் என்றால் ஒரு வருடம் முயல்வதில் நியாயம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் என்றால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

நான்காவது, மதிப்பெண் எங்கே போனது? 180 கேள்விகளில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். உயிரியலில் நன்றாக எடுத்து இயற்பியலில் சறுக்கியவருக்கும், 11ஆம் வகுப்புப் பாடமே சரியாக நடக்காத பள்ளியில் படித்தவருக்கும் ஒரு வருடத்தில் ஏறுவதற்கு இடம் உண்டு. எல்லாப் பாடத்திலும் படித்து, மாதிரித் தேர்வுகளும் எழுதி, இரண்டாவது முறையும் அதே இடத்தில் நிற்பவர் மூன்றாவது வருடத்தைக் கொடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், உச்ச வயது வரம்பும் 2022ல் நீக்கப்பட்டுவிட்டது என்பது உண்மைதான். சட்டம் வரம்பு வைக்கவில்லை என்றால் குடும்பம்தான் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். தொடங்கும்போதே ‘இத்தனை முறை, இவ்வளவு செலவு’ என்று பேசி முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, கையில் வேறு இடம் இருக்கிறதா? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் 2 மதிப்பெண்தான். அங்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. நம் மக்கள் கூலியாக மட்டும் நுழையும் கோழிப் பண்ணைகளுக்குள் நம் பிள்ளை கால்நடை மருத்துவராக நுழைவதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் இடங்களுக்கும் பிளஸ் 2 மதிப்பெண் போதும். இவற்றுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நீட் முடிவுக்காகக் காத்திருக்கும்போதே கடந்துபோய்விடக்கூடும். நீட் எழுதினாலும் இவற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். ஒரு படிப்பில் சேர்ந்தபடியே மறுமுறை எழுதுபவர்களும் உண்டு. இடையில் விலகும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018லேயே யுஜிசி வகுத்த விதி.

பிள்ளையின் மனம்

2021 செப்டம்பர் 12, நீட் தேர்வு நாள். மேட்டூர் அருகே ஒரு கிராமத்தில், மூன்றாவது முறை எழுதவிருந்த மாணவர் அன்று உயிரோடு இல்லை. அந்த மரணத்துக்கு மறுநாள்தான் சட்டப்பேரவை நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவித்தார். விலக்கு வரும் என்று காத்திருந்து படிப்பைத் தள்ளிப்போட முடியாது என்பதே மாணவர்களுக்கு இதில் உள்ள செய்தி.

முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின் தோளில் வீடு மட்டுமல்ல, காலனியே ஏறி நிற்கிறது. ‘நம்ம தெருவின் முதல் டாக்டர்’ என்று சொல்லும்போது அது அவர்களுக்கு எவ்வளவு பாரம் என்பதையும் பெற்றோர் நினைக்க வேண்டும். பிள்ளை பேசாமல் ஒதுங்கி இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் ஆலோசனை பெறலாம்.

அரசு கட்ட வேண்டிய கட்டணம்

மேலே சொன்ன கணக்கெல்லாம் குடும்பம் போட வேண்டியது. அரசு போட வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலனுக்கான நிதி வேறு எதற்கும் திருப்பப்படக் கூடாது என்பதற்காக 2024ல் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சேலத்தில் 1986 முதலும் நாமக்கல்லில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கட்டடங்களுக்குள் காலனிப் பிள்ளைகள் போக வேண்டுமென்றால், இடத்தை நெருங்கி வந்து நழுவவிட்ட ஆதிதிராவிட, அருந்ததிய, பழங்குடி மாணவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு விடுதியோடு கூடிய ஓராண்டு இலவசப் பயிற்சியை அந்த நிதியிலிருந்து தொடங்கலாம். தரவரிசைப் பட்டியல் அரசின் கையில்தான் இருக்கிறது. யார் யார் நெருங்கி வந்தார்கள் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. நல விடுதிகளில் அவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்க ஓர் அரசாணை போதும்.

அடுத்த கிராம சபையிலும், மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் பெற்றோர் இதை மனுவாகக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தின் செலவை அரசு ஏற்கும்வரை, அதைக் கந்துவட்டிக்கோ முன்பணத்துக்கோ வாங்காமல், தரவரிசையைப் பார்த்து முடிவெடுங்கள்.