காட்டேரி படத்துக்கு டிஸ்க் தான் சரி!

சிடி, டிவிடி எல்லாம் பழைய காலத்து சமாசாரம், இனிமேல் எல்லாமே இன்டர்நெட்டில் தான் என்று கம்ப்யூட்டர் கடைகளில் சொல்கிறார்கள். புதிதாக வாங்குபவர்களும் தலையாட்டி விட்டு, டிஸ்க் டிரைவ் இல்லாத லேப்டாப்பை வாங்கி வந்து விடுகிறார்கள். நல்ல பிராட்பேண்ட் இணைப்பு உள்ள நகரத்து வீட்டுக்கு இது சரியாக இருக்கலாம். நான் இருக்கும் கொல்லிமலைக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து. ஏன் என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

என்ன படம்?

'அண்டர்வேர்ல்ட்: எவலூஷன்'. 2003-ல் வந்த 'அண்டர்வேர்ல்ட்' படத்தின் இரண்டாம் பாகம். லென் வைஸ்மேன் இயக்கியது. 2006 ஜனவரியில் அமெரிக்க தியேட்டர்களுக்கு வந்தது. ரத்தக் காட்டேரிகளுக்கும் ஓநாய் மனிதர்களுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் சண்டை தான் கதை. செலீன் என்ற காட்டேரிப் பெண்ணாக கேட் பெக்கின்சேல் நடித்திருக்கிறார். துப்பாக்கி, வாள், துரத்தல் என்று 106 நிமிடமும் பரபரப்பு தான்.

கொல்லிமலைக்காரர்களுக்கு இப்படி ஒரு நாயகி புதிதல்ல. சிரித்தே எதிரிகளைக் கவர்ந்து கொல்லும் கொல்லிப்பாவையின் மலை இது. சங்கப் பாடல்களிலேயே அந்தப் பாவை வருகிறாள். எனவே இங்குள்ள இளைஞர்களுக்கு இந்தப் படம் பிடித்துப் போவதில் ஆச்சரியம் இல்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் இந்தப் படம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2006 ஜூன் 20-ம் தேதி உலகின் முதல் புளூ-ரே சினிமா டிஸ்க்குகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. விரல் விட்டு எண்ணக்கூடிய அந்த முதல் பட்டியலில் 'டெர்மினேட்டர்', 'பிப்த் எலிமென்ட்' போன்ற பழைய வெற்றிப் படங்களுடன், ஐந்தே மாதத்துக்கு முன் தியேட்டருக்கு வந்த இந்தக் காட்டேரி படமும் இருந்தது.

இருட்டு தான் சோதனை

காட்டேரிக்கு வெயில் ஆகாது. அதனால் இந்தப் படத்தில் பெரும்பகுதி இரவில் தான் நடக்கிறது. நீலம் கலந்த இருட்டு, கறுப்பு உடை, கறுப்புச் சுவர். வீடியோவை சுருக்கும் தொழில்நுட்பத்துக்கு இதை விடக் கடினமான பரீட்சை கிடையாது.

ஒரு சினிமாவை அப்படியே பதிவு செய்தால் எந்த டிஸ்க்கிலும் அடங்காது. எனவே படத்தை சின்னச் சின்ன சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களைக் கழித்து விட்டு சுருக்குகிறார்கள். இருட்டில் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் உள்ள நுட்பமான வித்தியாசங்கள் தான் முதலில் கழிக்கப்படும். அதிகமாகக் கழித்து விட்டால் என்ன ஆகும்? திரையில் நிழலுக்குப் பதிலாக கட்டம் கட்டமாக கறுப்புத் திட்டுகள் தெரியும். பழைய விசிடியில் பேய்ப் படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டங்கள் நன்றாகவே பழக்கம்.

இப்போது எண்களைப் பாருங்கள். விசிடியில் வீடியோவுக்குக் கிடைப்பது நொடிக்கு சுமார் 1.15 மெகாபிட் தான். டிவிடியில் இது 9.8 மெகாபிட் வரை போகலாம். புளூ-ரே டிஸ்க்கில் 40 மெகாபிட் வரை போகலாம். சிடியை சிவப்புக்கும் அப்பாற்பட்ட 780 நானோமீட்டர் லேசர் படிக்கிறது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். அந்தப் பெயர் வந்ததே இதனால் தான். அலைநீளம் குறையக் குறைய புள்ளிகளை நெருக்கமாகப் பதிக்கலாம். அதனால் தான் அதே அளவு வட்டத்தில் சிடிக்கு 700 எம்பி, ஒரு அடுக்கு டிவிடிக்கு 4.7 ஜிபி, ஒரு அடுக்கு புளூ-ரேக்கு 25 ஜிபி என்று கொள்ளளவு ஏறிக் கொண்டே போனது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இன்டர்நெட்டில் பார்த்தால் என்ன? முழு எச்டி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும் என்று நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. அந்த வேகத்திலேயே 106 நிமிடம் ஓடினால் சுமார் 4 ஜிபி டேட்டா செலவாகும். நம்மில் பலர் மொபைலில் போட்டிருப்பது தினமும் 1.5 அல்லது 2 ஜிபி தரும் பிளான். அதை ஹாட்ஸ்பாட் மூலம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் பாதிப் படத்திலேயே அன்றைய டேட்டா தீர்ந்து விடும்!

டேட்டா இருந்தாலும் சிக்னல் வேண்டுமே? செம்மேட்டில் ஓரளவு கிடைக்கிறது. மலை மடிப்புக்குள் இருக்கும் ஊர்களுக்குப் போனால் ஒரு கோடு தெரியும், மறையும். வேகம் குறைந்ததும் ஸ்ட்ரீமிங் சேவைகள் படத்தின் தரத்தைத் தானாகவே குறைத்து விடும். இந்த சேவைகள் பயன்படுத்தும் புதிய சுருக்கு முறைகள் பழைய விசிடியை விடப் பல மடங்கு திறமையானவை தான். ஆனால் அவையும் நொடிக்கு அரை மெகாபிட்டில் மாயம் செய்ய முடியாது. திரும்பவும் கறுப்புக் கட்டங்கள் தான். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸில் வரும் டிஸ்க்குக்கு சிக்னல் தேவையில்லை. அடிவாரத்தில் என்ன தரமோ அதே தரம் தான் மலை மேலும்.

கீழே நாமக்கல்லுக்குப் போகும் போது டவுன்லோட் செய்து கொண்டு வரலாமே என்றும் கேட்கலாம். மொபைலுக்கு இது நல்ல யோசனை. ஆனால் அப்படி இறக்கிய படம் குறிப்பிட்ட நாட்களில் காலாவதியாகி விடும். அதோடு, நெட்பிளிக்ஸ் 2024-ல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான தன் ஆப்பில் இருந்து டவுன்லோட் வசதியையே எடுத்து விட்டது.

முதல் பாகம் எங்கே?

இரண்டாம் பாகம் வந்த படங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'எவலூஷன்' கதை முதல் படம் முடிந்த இடத்தில் இருந்து தொடர்கிறது. முதல் பாகம் பார்க்காதவருக்கு யார் யாரைக் கடித்தார்கள் என்பதே புரியாது. இந்த வரிசையில் 2009, 2012, 2016 என்று மேலும் மூன்று படங்கள் வந்து விட்டன. ஸ்ட்ரீமிங் சேவைகள் படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. ஒரு பாகம் இருக்கும், இன்னொன்று இருக்காது. நான் ஒரு சேவையில் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்து வைத்த படம், அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிருந்தது. சந்தா கட்டுவது வாடகை கொடுப்பது போலத் தான். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் இரவோடு இரவாக எடுத்துப் போக முடியாது. நண்பருக்குக் கொடுக்கலாம், திரும்ப வாங்கலாம்.

டிஸ்க்கிலும் சிக்கல் உண்டு

டிஸ்க்கின் நிலைமையும் நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊரில் 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று ஒரிஜினல் படங்களை விற்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல் கிடைத்தது. அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போய் விட்டது. 2015-ல் இயக்குநர் சேரன் தன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வீட்டுக்கே கொண்டு வந்தார். அந்த முயற்சியும் தொடரவில்லை. புதிய டிஸ்க் கிடைப்பது அரிதாகி விட்டது. ஆன்லைன் கடைகளையும் பழைய டிஸ்க் விற்பவர்களையும் தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு டிவிடி வாங்கும் போது அட்டையில் உள்ள ரீஜன் எண்ணைப் பாருங்கள். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறை தான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்தது அப்படியே நிலைத்து விடும். எனவே விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

புளூ-ரேயைப் பொறுத்தவரை புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பேன். அதற்குத் தனி டிரைவும் காசு கொடுத்து வாங்கும் சாப்ட்வேரும் வேண்டும். கம்ப்யூட்டரில் பார்க்க டிவிடியே போதும்.

என்ன செய்யலாம்?

டிரைவ் இல்லாத லேப்டாப் வாங்கி விட்டீர்களா? கவலை வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. தனி மின் இணைப்பு கூடத் தேவையில்லை. விண்டோஸ் 8 வந்த 2012-ல் இருந்தே டிவிடி சினிமா பார்க்கும் வசதியை மைக்ரோசாப்ட் விண்டோஸுடன் தருவதில்லை. டிஸ்க்கைப் போட்டதும் படம் ஓடவில்லை என்றால் டிரைவ் பழுது என்று நினைத்து விடாதீர்கள். விஎல்சி பிளேயரை இலவசமாக இறக்கி நிறுவுங்கள். 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' கிளிக் செய்தால் படம் ஓடும்.

மலையில் ஈரம் அதிகம். டிஸ்க்கை அதன் பெட்டியில் போட்டு, நிமிர்த்தி நிற்க வையுங்கள். துடைப்பதாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறலை லேசரால் சமாளிக்க முடியாது.

திருட்டு டிஸ்க் மட்டும் வேண்டாம். அதைத் தயாரித்து விற்பவர்களை 2004-லேயே தமிழக அரசு குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஐந்தாறு படங்களை ஒரே டிவிடியில் நெருக்கி அடைத்த டிஸ்க்கில் காட்டேரியும் தெரியாது, ஓநாயும் தெரியாது. காசு கொடுத்து இருட்டைப் பார்ப்பானேன்?

அடுத்த முறை கம்ப்யூட்டர் கடைக்குப் போகும் போது ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்பதோடு, கூடவே ஒரு டிவிடி டிரைவ் என்ன விலை என்றும் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த நாலு படத்தையாவது டிஸ்க்கில் வாங்கி வைத்து விடுங்கள். மழை நாளில் சிக்னல் போனாலும் படம் போகாது!