சீட்டுக்கட்டில் ஒரு காடு

சீட்டாட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒரே மிருகம் 'கழுதை'தான். ஆட்டத்தில் தோற்றவனுக்கு அந்தப் பட்டம்! ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு எறும்புகூடக் கிடையாது. எல்லாம் வெள்ளைக்கார ராஜா, ராணிகள்தான்.

நண்பர்களே! நம் நாட்டில் கையால் வரைந்த 'கஞ்சிஃபா' சீட்டுகள் இப்படி இல்லை. அக்பர் காலத்து அபுல் ஃபசல், 'அயினி அக்பரி'யில் ஒரு பழைய கட்டை விவரிக்கிறார். 12 இனம், இனத்துக்கு 12 சீட்டு, ஆக 144. ஓர் இனம் முழுக்கக் காட்டு மிருகங்கள். அதில் சிறுத்தைதான் மந்திரி. இன்னொரு இனம் பாம்புகள். அங்கே மந்திரி யார் தெரியுமா? பாம்பின் மேல் சவாரி செய்யும் பாம்பு! 400 வருஷத்துக்கு முன்னாலேயே அந்தக் குறும்பு இருந்திருக்கு. நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?

டிப்ளமோ மாணவர்களான நாம் ஒரு விலங்குச் சீட்டுக்கட்டை வடிவமைக்க வேண்டும் என்பது என் கருத்து. "சீட்டா? சூதாட்டமாச்சே!" என்று சிலர் முறைப்பார்கள். பணம் வைத்து ஆடினால்தான் சூது. சீட்டை வரைவது நம்ம டிராயிங் ஹால் வேலை. பின்பக்கப் படத்தை 180 டிகிரி திருப்பினாலும் அதே படமாகத் தெரியணும்; இல்லையென்றால் தலைகீழாக இருக்கும் சீட்டை எதிராளி கண்டுபிடிச்சிடுவான். ஜோக்கரோடு 54 சீட்டும் ஒரே அளவாக வெட்டணும். விசிறி மாதிரி விரித்துப் பிடித்தால் மூலை மட்டும்தான் கண்ணில் படும். எண்ணும் சின்னமும் அங்கேதான் இருக்கணும். அந்த எண் மேல் குரங்கு வால் விழுந்தால் ஆட்டம் போச்சு!

லோயர் கேம்ப்காரனான என்னைக் கேட்டால், இனங்கள் நான்கு: காடு, ஆறு, வயல், தெரு. ஆற்றுக்கு நீர்நாய் ராஜா. பவர் ஹவுசுக்கு இறங்கும் ராட்சதக் குழாயில் அது சறுக்கி வரட்டும். தெருவுக்கு டீக்கடை வாசல் நாய். காட்டில் மட்டும் ராஜாவைவிட ராணிக்கே மதிப்பு அதிகம். யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானைதானே!

சரி, ஜோக்கர் யார்? "அரிக்கொம்பன்!" என்று நம்ம பசங்க கத்துவாங்க. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டான். ஜூன் 5-ல் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். எந்த இனத்திலும் சேராமல் இடம் மாறிக்கொண்டே இருப்பது ஜோக்கர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் தலையில் கோமாளிக் குல்லா மட்டும் வேண்டாம். கம்பத்தில் அவனால் காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். அவனும் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. கழுத்தில் ரேடியோ காலரோடு, உள்ளபடியே நிற்கட்டும். அந்தச் சீட்டு கைக்கு வரும்போது ஆடுகிறவன் ஒரு நொடியாவது யோசிப்பான்.

விளையாட வரைவோம், நண்பர்களே. விளையாட்டுத்தனமாக வரைய வேண்டாம்!