சகடத்தின் நிழலில் உறங்கிய குழந்தை

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில், குழந்தைக் கண்ணன் முதன்முதலாகக் கவிழ்ந்து படுத்த நாளை நந்தகோபரின் இல்லம் விழாவாகக் கொண்டாடிய செய்தி வருகிறது. வேதியர் மந்திரம் ஓதினர். ஆயர்குலப் பெண்கள் பாடினர். குழந்தைக்கு மங்கல நீராட்டு நடந்தது. நீராடிய களைப்பில் அவன் கண்கள் செருகின. யசோதைப் பிராட்டி அவனை ஒரு சகடத்தின் கீழே நிழலில் கிடத்திவிட்டு, வந்திருந்தோரை உபசரிக்கச் சென்றாள். பாத்திரங்கள் ஏற்றி நின்ற வண்டி அது. குழந்தை விழித்தான், பாலுக்கு அழுதான், விருந்தின் ஆரவாரத்தில் அந்த அழுகுரல் தாயின் செவிக்கு எட்டவில்லை. பிஞ்சுத் திருவடி பட்ட மாத்திரத்தில் வண்டி கவிழ்ந்தது. சக்கரமும் அச்சும் சிதறின. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள். சிறுபிள்ளைகளின் பேச்சு என்று பெரியவர்கள் அதை நம்பவில்லை.

சகடாசுர வதம் என்று நாம் போற்றும் லீலை இது. உபன்யாசங்களில் அசுரனைப் பற்றியே மிகுதியாகக் கேட்கிறோம். எனக்கோ, வயது ஏற ஏற, அந்தத் தாயின்மீதே எண்ணம் செல்கிறது. அவள் கவனமற்றவள் அல்லள். வெயில் படாத இடமாகப் பார்த்துத்தான் கிடத்தினாள். தலைக்குமேல் என்ன நிற்கிறது என்பதைத்தான் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கதையை இவ்வாரம் எடுத்துக்கொள்ளக் காரணம், வாசக சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் கடிதம். மகளுக்குச் சீமந்தம் முடிந்து, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். மாப்பிள்ளையோ, தாயின் கட்டிலோடு இணைத்து வைக்கும் தொட்டில் ஒன்று வாங்க வேண்டும் என்கிறார். தூளி கட்டக்கூடாது, கடுகுத் தலையணை கூடாது, குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உறங்கக்கூடாது என்று மகளும் சொல்கிறாள். “நான் பெற்ற மூன்றும் தூளியில்தான் வளர்ந்தன. அவளும் அதில் வளர்ந்தவள்தான். இன்று என் கைக்கு இந்த வீட்டில் மதிப்பில்லையா?” என்று கேட்டிருக்கிறார். எழுத்து அவ்விடத்தில் சற்றுக் கலங்கியிருக்கிறது.

சகோதரி, தங்கள் கைக்கு மதிப்பில்லை என்று எவரும் சொல்ல இயலாது. தூளியும் இழிந்ததன்று. தேளும் பூரானும் ஊர்ந்த மண்தரை வீடுகளில், அடுப்படியிலும் களத்திலும் ஓயாத வேலையிருந்த தாய்மார்களுக்கு அது பெருந்துணையாக நின்றது. ஆயினும் தூளிக்குள் கிடக்கும் சிசுவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதுகு வில்லாக வளைந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்கும். பிறந்த குழந்தைக்குத் தலையை நிமிர்த்திக்கொள்ளும் வலிமை கிடையாது. அந்த நிலையில் மூச்சு செல்லும் வழி குறுகுகிறது. துணி முகத்தை மூடினாலும் விலக்கத் தெரியாது. பகலில் அழுகையை அமர்த்தச் சிறிது நேரம் தூளியில் ஆட்டினாலும், தாங்கள் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்மூடியதும் எடுத்துச் சமதளத்தில் மல்லாந்து கிடத்திவிட வேண்டும். இரவுக்குத் தூளி வேண்டவே வேண்டாம்.

மல்லாந்து கிடத்தினால் கக்கும் பால் புரையேறிவிடும் என்று நம் தலைமுறை அஞ்சியது. நானும் அஞ்சியதுண்டு. ஒரு குழந்தை மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார்: மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன, கக்கும் பால் மேல்நோக்கி ஏறித்தான் மூச்சுக்குழலை அடைய வேண்டும். குப்புறக் கிடத்தினால் இது தலைகீழாகிவிடுகிறது. மருத்துவர்களும் இதை ஒருநாளில் அறிந்துவிடவில்லை. மேனாடுகளில் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்று அவர்கள் சொல்லிவந்த காலம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல்தான் குப்புறக் கிடத்த வேண்டாம் என்றது. 1994-இல் அந்நாடு முழுவதும் அதைப் பரப்பினார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் உறக்கத்தில் காரணம் தெரியாமல் நேர்ந்த சிசு மரணங்கள் அங்கே பாதியாகக் குறைந்தன. படித்தவர்களே தம் சொல்லை மாற்றிக்கொண்டிருக்கையில், நாம் மாற்றிக்கொள்வதில் இழுக்கென்ன?

என் தாயாருக்கு நாங்கள் ஐவர். எங்களுக்கு முன்னே ஒருவன் இருந்தான். நாற்பது நாள் குழந்தை. இரவில் பால் கொடுத்து, அணைத்தபடியே அவள் உறங்கிப்போனாள். விடியலில் அவன் கண் திறக்கவில்லை. பாலாரிஷ்டம் என்றது ஊர். பட்சி தோஷம் என்றாள் பாட்டி. என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. தம் எண்பதாவது வயதில், ஒரு கிருத்திகை விரதத்தன்று மாலை, “என் கைதான் அவன்மேல் விழுந்திருக்குமோ?” என்று என்னைக் கேட்டார். “இல்லை அம்மா” என்றேன். அது நான் அறிந்து சொன்ன விடையல்ல. என்ன நேர்ந்தது என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. அறுபது ஆண்டுகள் அந்தக் கேள்வியோடு ஒரு தாய் வாழ்ந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகையால், கட்டிலோரத் தொட்டில் என்றதும் எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. தாயின் கை எட்டும் தொலைவில் குழந்தை. ஆயினும் இருவருக்கும் தனித்தனிப் படுக்கை. இரவில் எழுந்து நடக்காமல் பால் கொடுக்கலாம். கொடுத்தபின் மீண்டும் அதனுள் கிடத்திவிடலாம். குறைந்தது ஆறு மாதமேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் கூறும் முறை.

கடைக்குச் செல்லும்போது தாங்களும் உடன் செல்லுங்கள். சரிகைத் திரையும் பஞ்சு பொதிந்த ஓரங்களும் கண்ணைக் கவரும். அவற்றுக்காகவே விலையும் கூடுதலாக இருக்கும். தங்கள் விரல்கள் பார்க்க வேண்டியவை வேறு. மெத்தையை உள்ளங்கையால் அழுத்துங்கள்; கை எடுத்ததும் பள்ளம் தங்கக்கூடாது. அது சமமாக இருக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் குழந்தை வழுக்கி, கழுத்து மடிந்துவிடும். இத்தகைய சாய்வுப் படுக்கைகளை அமெரிக்காவில் 2022-இல் சட்டமியற்றியே தடை செய்தார்கள். பஞ்சு பொதிந்த ஓரத் தடுப்புகளும் அதே சட்டத்தில் சேர்ந்தன. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் நுழையக்கூடாது. பக்கங்களில் மரச்சட்டங்கள் இருந்தால், அவற்றின் இடைவெளி ஆறு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். வலைத்துணிப் பக்கங்களாயின் கிழிசல் இருக்கலாகாது. சக்கரங்களுக்குப் பூட்டு வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, தொட்டிலும் கட்டிலும் சேருமிடத்தில்தான் இருக்கிறது. இரண்டு மெத்தைகளும் ஒரே மட்டத்தில், இடைவெளியே இன்றி, வாரினால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் இது எளிதன்று. கடைசல் வேலைப்பாடுள்ள பழைய தேக்குக் கட்டிலின் பக்கச்சட்டம் மெத்தைக்கு வெளியே துருத்தி நிற்கும். தொட்டிலை எவ்வளவு நெருக்கினாலும் நடுவில் ஒரு பள்ளம் விழும். இலவம்பஞ்சு மெத்தையோ இன்று ஓர் உயரம், பத்து நாளில் அமுங்கி வேறோர் உயரம். அந்தப் பள்ளத்தில் தலையணையையோ மடித்த புடவையையோ செருகிச் சமாளிக்க எண்ண வேண்டாம். சரியாகப் பொருந்தவில்லையெனில், தொட்டிலின் நான்காவது பக்கத்தையும் உயர்த்தி மூடிவிட்டு, கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளித் தனியே நிறுத்துங்கள். கை அப்போதும் எட்டும். பாயில் படுக்கும் வழக்கமுள்ள இல்லமாயின் தொட்டிலே தேவையில்லை. அருகில் தனியாக ஒரு கெட்டியான சிறு விரிப்பு, அதன்மேல் இழுத்துச் செருகிய பழைய வேட்டித்துணி, அதுவே போதும்.

தொட்டிலுக்குள் குழந்தையைத் தவிர வேறெதுவும் கூடாது. கடுகுத் தலையணை, பக்கவாட்டு அணைகள், பொம்மை, கனத்த போர்வை ஆகிய அனைத்தும் வெளியே. தலை உருண்டையாக வேண்டும் என்ற கவலை நமக்கு. விழித்திருக்கும் பொழுதுகளில் சற்று நேரம் பெரியவர் மேற்பார்வையில் குப்புறக் கிடத்தினாலும், படுக்கையில் தலை திரும்பும் பக்கத்தை மாற்றிவந்தாலும் பெரும்பாலும் அது தானே சீராகும். உறங்கும் குழந்தைக்கு வீட்டினுள் கம்பளிக் குல்லாயும் வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் அது தீங்கே செய்யும்.

அடுத்துச் சொல்லப்போவதை நம் பத்திரிகையில்தான் சொல்ல முடியும். கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து, கோயிலில் மந்திரித்த மணி. தலைமாட்டில் இரும்புத் துண்டு, வேப்பிலைக் கொத்து, தெய்வப் படம். நெற்றியிலும் மார்பிலும் ஊதிய திருநீறு. மாலையில் சாம்பிராணிப் புகை. ஒவ்வொன்றும் அன்பின் மிகுதியால் வருவது. கழுத்தில் கட்டிய கயிறு எதிலாவது மாட்டி இறுகக்கூடும். நுண்ணிய பொடியும் புகையும் சிசுவின் நெஞ்சுக்கு ஆகா. பூதனை மடிந்தபின் கோபியர் கண்ணனுக்கு ரக்ஷை செய்த இடத்தைப் பாகவதத்தில் பாருங்கள்: ஒவ்வோர் அங்கத்துக்கும் பகவானின் ஒரு நாமத்தைச் சொல்லிக் காவல் வேண்டினார்கள். பெரியாழ்வார் கண்ணனை அந்திக் காப்பிட அழைக்கும் பதிகம் பாடினார். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசமும் அங்கம் அங்கமாகவே முருகனின் வேலை வேண்டுகிறது. நாமம் மூச்சை அடைக்காது, கழுத்தை இறுக்காது. விளக்கேற்றியபின், குழந்தையை மடியில் வைத்துக் கவசத்தை ஓதி, திருநீற்றையோ ஸ்ரீசூர்ணத்தையோ நீரில் குழைத்து நெற்றியில் ஒரு சிறு புள்ளியாக இடுங்கள். கயிறும் தாயத்தும் பூஜை அறையில் சுவாமியின் திருவடியில் இருக்கட்டும். பிறகு வெறுந்தொட்டிலில் மல்லாந்து கிடத்துங்கள். இதைச் செய்யத் தங்களைக் காட்டிலும் தகுந்தவர் அந்த இல்லத்தில் யார்?

பரணில் இருக்கும் பாட்டனார் காலத்து மரத்தொட்டிலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புண்ணியாகவாசனத்தன்று பெயர் சூட்டுவதற்கு அதை இறக்கித் துடைத்து, பூச்சூட்டி, உறவினர் அனைவரும் சூழ்ந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்குக் குழந்தையை அதில் இடுங்கள். திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வேண்டிப் பெற்ற குழந்தையைத் தங்கத் தொட்டிலில் இட்டு வேண்டுதலை நிறைவேற்றுவதில்லையா, அதைப் போல. பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதினாறு மணி நேரம் உறங்குகிறது. அந்த உறக்கத்துக்கு அகன்ற சட்டங்களும், பழைய ஈயச் சாயமும், துணி மாட்டும் குமிழ்களும் கொண்ட தொட்டில் ஏற்றதன்று.

கட்டிலோரத் தொட்டிலுக்கும் காலவரையறை உண்டு. குழந்தை கவிழத் தொடங்கியதும், அல்லது கைகளை ஊன்றி எழும்ப முயன்றதும், அதன் பணி முடிந்தது. உயரமான பக்கங்கள் கொண்ட பெரிய தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் இது நிகழும். கவிழ்ந்த நாளில் பலகாரம் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். யசோதை விருந்தினரை உபசரிக்கச் சென்றதும் அத்தகைய ஒரு நாளில்தான்.

கடைசியாக ஒரு சிக்கல். பிறப்பதற்கு முன்பே தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது தங்கள் குலவழக்கம் என்றும், மாப்பிள்ளை உடனே வாங்கத் துடிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது. நல்ல நாள் பார்த்து மூவருமாகக் கடைக்குச் சென்று, அழுத்திப் பார்த்து, விரல் நுழைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். மருத்துவமனையிலிருந்து பேரக்குழந்தை வரும் நாளன்று காலையில் தொட்டில் வந்து சேரட்டும். மாப்பிள்ளை கையேட்டைப் படித்துத் திருகுகளை முடுக்கட்டும். அதற்கு முன்பாக, மகள் படுக்கும் கட்டிலின் மெத்தை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று, அவள் அதில் அமர்ந்திருக்கையிலேயே அளந்து, ஒரு தாளில் குறித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.