கோப்பையா, கொடையா?

1921ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25ஆம் நாள். பிராக் நகரத்துத் தேசிய நாடக அரங்கிலே திரை விலகியது. காரல் சாப்பெக் என்னும் செக் நாட்டு எழுத்தாளர் தீட்டிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் அரங்கேறியது. தொழிற்சாலையிலே உருவாக்கப்பட்ட செயற்கை மனிதர்கள் மேடையிலே தோன்றினர். உழைப்பார்கள், உறங்க மாட்டார்கள். பாடுபடுவார்கள், பங்கு கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? சாப்பெக்கின் அண்ணன் எடுத்துக் கொடுத்த பெயர்தான் ரோபோ. செக் மொழியிலே 'ரோபோட்டா' என்றால், பண்ணையாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு. நம் ஊர் வழக்கிலே சொல்வதானால், வெட்டி வேலை!

எந்திரத்துக்கு இட்ட பெயரே அடிமையின் பெயர். இட்டவர் பொறியாளர் அல்லர். நாடகத்துக்காகத் தேடிய பெயர் அது. நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே எனக்கு அதிலே சிறு பெருமையும் உண்டு, சிந்தனையும் உண்டு. அந்த நாடகத்தின் முடிவிலே அடிமைகள் கிளர்ந்தெழுகின்றனர். மனித குலத்தை மாய்க்கின்றனர். ஒருவனை மட்டும் உயிரோடு விடுகின்றனர். யாரை? ஆலை அதிபரையா? ஆராய்ச்சி மேதையையா? கணக்கு வழக்குப் பார்த்தவரையா? இல்லை! அல்க்விஸ்ட் என்ற கட்டடக்காரனை. காரணம், அவன் தன் கையால் உழைப்பவன்.

கையால் உழைப்பவனுக்கும் எந்திரத்துக்கும் உள்ள உறவு என்ன என்ற அந்தக் கேள்வியை, நெல்லித்தோப்பு மார்க்கெட்டை அடுத்த தெருக்களிலே நின்று நான் கேட்க விரும்புகிறேன். கேட்பதற்கு உரிமையுள்ள ஊர் இது. ஒரு பக்கம் முதலியார்பேட்டையிலே 1898இல் எழுந்த ரோடியர் ஆலை. மறுபக்கம் சுதேசி, பாரதி எனப் பின்னாளிலே பெயர் பூண்ட ஆலைகள். ஆலைச் சங்கு ஊதினால் அடுப்பு மூட்டிய குடும்பங்கள் புதுவையிலே எத்தனை எத்தனை! 1936 ஜூலை 30ஆம் நாள், உரிமை கேட்ட தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கி நீட்டியது. பன்னிருவர் குருதி சிந்தி மாண்டனர். அந்தக் குருதிக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை இம்மண்ணிலே சட்டமாயிற்று.

அந்தத் தொழிலாளி எந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை, தோழர்களே! எந்திரத்தின் முன்னே நிற்கும் மனிதனை மனிதனாக நடத்தச் சொன்னான். எந்திரத்தை அவன் நேசித்தான், அதன் நோயறிந்தான், அதன் ஓசையிலே மாற்றம் கேட்டால், எந்தச் சக்கரத்திலே எண்ணெய் வற்றியது என்று சொல்லத் தெரிந்தவன் அவன். அந்த அறிவை அவனுக்கு ஊட்டியது எந்தக் கல்லூரி? மேஸ்திரி காட்டினார், பையன் பார்த்தான். பிட்டர் கழற்றினார், பக்கத்திலே நின்றவன் பூட்டினான். கட்டணமில்லை, நுழைவுத் தேர்வில்லை. கை கைக்குக் கற்றுக் கொடுத்தது.

2020ஆம் ஆண்டிலே அந்த ஆலைகளுக்கு மூடுவிழா நடந்தது. போனது வேலை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். மூத்தவன் இளையவனுக்குத் தொழில் காட்டிய ஏணியும் சேர்ந்து சாய்ந்தது.

இன்று பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்கிறார்கள். அணி அமைக்கிறார்கள், போட்டிக்குப் போகிறார்கள், கோப்பையோடு திரும்புகிறார்கள். பாராட்டுவோம், மாலையும் சூட்டுவோம்! ஆனால் மாலை வாடுமுன்னே ஒரு கேள்வி: கோப்பை கண்ணாடிப் பேழைக்குள்ளே போயிற்று, கற்ற கலை எங்கே போயிற்று?

அமெரிக்காவிலே டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1992இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரிலே, பள்ளிக்கூடம் ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்திலே, 28 அணிகளோடு முதற்போட்டி நடந்தது. இன்று உலகெங்குமிருந்து அணிகள் வருகின்றன. அங்கே அனைத்திலும் தலையாய விருது எதற்குத் தெரியுமா? விரைந்தோடிய ரோபோவுக்கு அன்று. வலிமை காட்டிய ரோபோவுக்கும் அன்று. தான் கற்றதைத் தன் ஊராருக்கும், தன்னினும் இளைய பிள்ளைகளுக்கும் கொண்டு சேர்த்து, ஊரின் நோக்கையே மாற்றிய அணிக்கு! எதிரணியின் பொறி பழுதானால் தன் உதிரி உறுப்பைக் கொடுத்து உதவுவது அந்தக் களத்தின் பண்பாடு. பெரும் பணமும் பெருந்தொழிலும் செழித்த நாட்டிலேயே 'கோப்பையினும் கொடை பெரிது' என்று விதி வகுத்திருக்கிறார்கள். பறம்பின் பாரியைப் பாடிய மொழிக்கு உரியவர்கள் நாம். நமக்கு இதைப் பிறர் சொல்லித் தரவேண்டுமா?

ரோபோ என்றதும் அஞ்சுவானேன்? அதற்குக் கண்ணுண்டு, மூளையுண்டு, காலுண்டு. கண் என்பது உணரி; மூளை என்பது சிறியதொரு மின்சுற்றுப் பலகை; கால் என்பது மோட்டாரும் சக்கரமும். வெள்ளைத் தாளிலே கறுப்புக் கோடு இழுத்து, கோட்டின் வழியே ஓடும் வண்டி ஒன்று செய்கிறான் மாணவன். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வண்டி தரைமீது வீசுகிறது. வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். ஒளி திரும்பினால் கோட்டை விட்டு விலகினோம் என்று பொருள்; உடனே சக்கரத்தைத் திருப்பு என்று பலகை கட்டளையிடுகிறது. இவ்வளவே! ஒன்பதாம் வகுப்பு மாணவி ஆறாம் வகுப்புச் சிறுமிக்குச் சில மாலைப் பொழுதுகளிலே இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுக்கும்போதுதான் சொல்பவளுக்கும் முழுதாகத் துலங்கும்.

பலகைக்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். 2005இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரத்து வடிவமைப்புப் பள்ளி ஒன்றிலே, மாணவர்க்கென்றே 'ஆர்டுயினோ' என்னும் பலகையை ஆக்கினார்கள். ஆக்கியவர்கள் அதன் வரைபடத்தைப் பெட்டியிலே பூட்டவில்லை. உலகுக்கே திறந்து வைத்தார்கள். ஆகவேதான் அதன் படிகள் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஓதக் கூடாது என்று ஒரு கூட்டத்தின் காதை அடைத்த நாட்டிலே பிறந்த நமக்கு, அறிவைத் திறந்து வைத்தவர்களின் அருமை மற்றவர்களைவிட நன்றாக விளங்க வேண்டும்.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 2021 அக்டோபர் 27ஆம் நாள், நமக்குப் பக்கத்திலே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்திலே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. ஊர் இளைஞர்களே, பெரிதும் பெண்களே, மாலை வேளையிலே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசான்களாயினர். 2022 நவம்பரிலே 'வானவில் மன்றம்' வந்தது. கருத்தாளர்கள் சோதனைக் கருவிகளைச் சுமந்துகொண்டு இருசக்கர வண்டியிலே பள்ளிதோறும் சென்றனர். அதே 2022 ஆகஸ்ட் 7ஆம் நாள், 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் கைவண்ணமான 'ஆசாதிசாட்' விண்ணேறியது. மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவியரும் அவர்களிலே உண்டு. சுமந்து சென்ற ராக்கெட் தவறான பாதையிலே விட்டது; துணைக்கோள் வீணாயிற்று. துவண்டா போயினர்? 2023 பிப்ரவரி 10ஆம் நாள், இரண்டாவது துணைக்கோள் செவ்வனே சுற்றுப்பாதையை அடைந்தது. வழிகாட்ட ஒருவர் இருந்தால், அரசுப் பள்ளிச் சிறுமியின் கைக்கு வானமும் எட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறோம் என்ற பெயரிலே நடக்கும் காட்சிகள் சில உண்டு. கட்டணப் பள்ளி அணி ஒரு நாள் வரும், பதாகை கட்டும், பளபளக்கும் ரோபோவை ஓட்டிக் காட்டும், படம் பிடிக்கும், போய்விடும். எங்கள் பிள்ளை கைதட்டியதோடு சரி, திருப்புளியைத் தொட்டானா? ஒரு திருகாணியைக் கழற்றினானா? இல்லை! வாரந்தோறும் வருகிறவன்தான் வழிகாட்டி. அவன் கையை விலக்கிக்கொள்ள, இவன் கை வேலை செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு இவனே இன்னொருவனுக்குக் கற்பிக்கும் நிலை வரவேண்டும். வராவிட்டால், அது கொடையன்று. கோப்பைக்குப் போடும் மெருகு.

"எந்திரம் வந்தால் வேலை போகும், அதையா வளர்க்கச் சொல்கிறீர்?" என்று தொழிற்சங்கத் தோழர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. வேலையைப் பறிக்கும் எந்திரங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் கற்க மறுத்தால் எந்திரம் வராமல் நின்றுவிடுமா? வரும், நம் வாசலைத் தாண்டிச் செல்லும், பூட்டத் தெரிந்தவன், பழுது பார்க்கத் தெரிந்தவன், கட்டளையிடத் தெரிந்தவன் வேறு ஊரிலிருந்து வருவான். நம் பிள்ளை வாயிற்காவலனாக நிற்பான். எந்திரத்தைப் பற்றி ஏதும் அறியாதவன், எட்டு மணி நேரம் கேட்பது இருக்கட்டும், எதைக் கேட்பது என்றே அறியமாட்டானே!

ஆகவே கேட்போம். மத்திய அரசின் 'அடல்' ஆய்வுக்கூடத் திட்டத்திலே தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை மானியம் உண்டு. 2025 நிதிநிலை அறிக்கையிலே, ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்றும் அறிவித்தார்கள். 2018 ஏப்ரலிலே அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி, அத்தகைய கூடங்களைச் சுற்றுப்புற மக்களுக்குத் திறந்துவிடும் 'சமுதாய நாள்' தொடங்கப்பட்டது. நல்லது! ஒரு நாளுக்குத் திறந்த கதவு ஒவ்வொரு ஞாயிறும் திறக்கட்டும் என்கிறேன். உடைந்துவிடும் என்று அஞ்சிக் கருவிகளைப் பூட்டி வைப்பது கல்வியாகாது. உடையட்டும்! உடைந்ததை ஒட்டக் கற்பதும் பாடமே. புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாலிடெக்னிக்குகளிலும் பயிலும் தம்பி தங்கையர் ஓர் ஆண்டுக்கு ஓர் அரசுப் பள்ளியை ஏற்கட்டும். அந்த உழைப்புக்கு அவர்தம் படிப்பிலே மதிப்பெண்ணும் வழங்கப்படட்டும். பாடம் தமிழிலே நடக்கட்டும். உணரி என்றால் உள்ளத்திலே ஒட்டும் பிள்ளைக்கு, முதல் நாளே அயல்மொழியைக் காட்டி மிரட்ட வேண்டாம்.

அரசைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா? நம் இயக்கம் வளர்ந்தது எங்கே? படிப்பகங்களிலே! ஒருவர் நாளிதழை உரக்கப் படித்தார். இருபது பேர் சூழ்ந்து கேட்டனர். எழுத்தறியாத தொழிலாளியும் உலக அரசியலை அலசினான். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்த என்னைப் போன்றவர்க்குப் பல்கலைக்கழகமாக வாய்த்தவை அந்தக் கீற்றுக் கொட்டகைகள்தாம். அந்தப் படிப்பகத்தின் மேசையிலே, நாளிதழுக்குப் பக்கத்திலே, ஒரு மின்சுற்றுப் பலகையும், இரு மோட்டார்களும், ஒரு திருப்புளியும் இடம்பெறட்டும். ஆலையிலே பிட்டராக இருந்து ஓய்ந்த பெரியவரை அழைத்து நாற்காலியிலே அமர்த்துங்கள்; அவர் கையறிவும் கல்லூரித் தம்பியின் நூலறிவும் அந்த மேசையிலே கலக்கட்டும். நெல்லித்தோப்பிலே ஒரு மேசை போதும், தொடங்குவதற்கு. அடுத்த ஞாயிறு மாலை அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் அமர்ந்தால், அதுவே நாம் பெறும் முதல் கோப்பை!