கண்ணகி இந்தி பேசினால் என்ன?

'பொன்னியின் செல்வன்' திரைப்படங்கள் 2022-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்து வெளிவந்த பின்னர், தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சோழர் என்ற சொல்லைப் பள்ளிப் பாடநூலின் ஒரு பத்தியில் மட்டுமே கண்டிருந்த பிள்ளைகள், சோழரைப் பற்றி வேறென்ன உண்டு என்று கேட்கத் தொடங்கினர். தேடிப் பார்த்த சிலருக்கு, தாங்கள் பிறப்பதற்கு முன்பே, 1988-இல், தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய 'பாரத் ஏக் கோஜ்' என்னும் நெடுந்தொடர் யூடியூபில் அகப்பட்டது. அதில் சங்க காலத்திற்கும் சிலப்பதிகாரத்திற்குமாக இரண்டு பகுதிகள். சோழப் பேரரசிற்கு இரண்டு பகுதிகள். அவர்கள் மகிழ்ந்து வந்து சொன்னபோது பெரியவர்களாகிய நாம் என்ன சொன்னோம்? "அதுவா? அதில் கண்ணகி இந்தியல்லவா பேசுவாள்!" என்று சொல்லிச் சிரித்தோம்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் சங்கத்துத் தாழ்வாரத்தில், காப்பிக் குவளையைக் கையில் ஏந்தியபடி நாம் சொன்ன அதே கருத்து, அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பின்மேல் நான் தொடுக்கும் வழக்கே இக்கட்டுரை. நானும் அன்று சிரித்தவன்தான்; ஆகவே குற்றக் கூண்டில் எனக்கும் ஓர் இடம் உண்டு.

நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதி 1946-இல் வெளிவந்த நூலை அடியாகக் கொண்டு, ஷியாம் பெனகல் 53 பகுதிகளாக அமைத்த தொடர் அது. 2024 டிசம்பரில் மறைந்த அவர் ஐதராபாத் நகரை அடுத்துப் பிறந்தவர், தக்காணத்து மனிதர். நேருவின் நூலில் கண்ணகியின் கதை விரித்துரைக்கப்படவில்லை. இருந்தும் பெனகல் அக்கதைக்கு இடம் தேடிக் கொடுத்தார். நூலில் இல்லாததை ஏன் சேர்த்தார் என்று வேறெவரும் கேட்டிருந்தால் பொருள் உண்டு. நாமோ, சேர்த்தவரைப் பார்த்து, அவள் என்ன மொழி பேசுகிறாள் என்று கேட்டோம்.

கம்பன் படைத்த இராமன் எம்மொழி பேசுகிறான்? அயோத்தியில் தமிழ் வழங்கியதென்று கம்பனும் சொல்லவில்லை. படிக்கிற நாமும் கருதவில்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் கண்ணன் தமிழில் தூது உரைக்கிறான். ஷேக்ஸ்பியரின் சீசர் ரோமாபுரியில் ஆங்கிலம் பேசி மாண்டான். இத்தாலியர் எவரும் அதற்காக நாணியதாகக் கேள்வியில்லை. ஒரு காப்பியம் பிறமொழியின் வாய்க்குள் புகுந்து அங்கும் உயிரோடு நிற்குமானால், அது அக்காப்பியத்தின் வலிமைக்குச் சான்று. வழக்குரை காதையின் உயிர்நிலை எது? அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் தன் தவற்றை உணர்ந்த கணத்தில் உயிர் விடுகிறான். இந்தியில் சொன்னால் மாணிக்கம் முத்தாகிவிடுமா?

இவ்விடத்தில் என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் அப்பால் செல்ல இயலவில்லை. சிலப்பதிகாரப் பகுதி ஒளிபரப்பான நாளில் எங்கள் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் எங்களோடு அமர்ந்து பார்த்தார். கதை முடியுமுன் மின்சாரம் நின்றுவிட்டது. தில்லியில் அது வியப்பன்று. இருட்டில் அமர்ந்தபடி அந்த அம்மையார் என் தாயாரிடம் கேட்டார்: "உங்கள் நாட்டிலே இப்படியொரு பெண்ணா! பிறகு அவள் எங்கே போனாள்?" மதுரை எரிந்தது வரை என் தாயாருக்குத் தெரியும். அதுவும் 1964-இல் வந்த 'பூம்புகார்' திரைப்படத்தின் புண்ணியத்தால். அதற்கு மேல் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தமிழ்ப் பட்டம் பெற்ற என் தமையனார் மட்டும், "தெய்வமாகிவிட்டாள்" என்று சொல்லிப் பேச்சை முடித்தார்.

நாங்கள் அன்று சொல்லத் தவறியது வஞ்சிக் காண்டம். மூன்று காண்டம், முப்பது காதை கொண்ட நூலில் மூன்றிலொரு காண்டம். அதில்தான் சேரன் செங்குட்டுவன் வடக்கே வருகிறான். கண்ணகிக்குப் படிமம் சமைக்க இமயத்தில் கல்லெடுத்து, அதைக் கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டி, வஞ்சிக்குக் கொண்டு செல்கிறான். கங்கைச் சமவெளியில் குடியேறிப் பிழைக்கும் தமிழனுக்குச் சிலப்பதிகாரத்தில் இதைவிட நெருங்கிய பக்கம் வேறு உண்டா? அந்த அம்மையாரிடம், "எங்கள் கண்ணகியின் கல் உங்கள் கங்கையில் நீராடியது" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆளில்லை. ஆனால் மறுவாரமே சங்கத்தில், இந்திக் கண்ணகியைப் பற்றி நான் நகைச்சுவையாகப் பேசினேன், கைதட்டலும் பெற்றேன்.

மொழிக்கு அடுத்தபடியாக நம்மவர் கூறிய குறை உடையும் அணியும். "இதுவா சோழன் உடை? பட்டு எங்கே? மகுடம் எங்கே?" என்றனர். நம் மனத்தில் இருக்கும் சோழன், நாடகக் கம்பெனி மேடையிலிருந்து இறங்கித் திரைப்படத்திற்குள் புகுந்து, அங்கிருந்து நாட்காட்டிப் படத்திற்கு வந்தவன். வெல்வெட்டு அங்கியும் மினுங்கும் சரிகையும் அவனுக்கு அங்கே தைக்கப்பட்டவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்குள்ள ஆடவரும் மகளிரும் மார்பில் அங்கியின்றி, மெல்லிய ஆடையும் அணிகளுமாகவே நிற்கின்றனர். நம்மூர் ஓவியத்தை நாம் பார்த்ததில்லை; பம்பாய்க்காரர் அதைப் பார்க்கவில்லை என்று சினந்தோம்!

மேலும், அத்தொடர் தன்னை மெய்யென்று நம்பச் சொன்னதா? ஓம் புரி ஒரு பகுதியில் அசோகர், மற்றொன்றில் ஔரங்கசீப். கதைக்கு இடையிடையே ரோஷன் சேத் நேருவின் உடையில் வந்து நின்று, இது இப்படி இருக்கலாம், இதை நான் இவ்வாறு எண்ணுகிறேன் என்ற பாங்கில் பேசிச் செல்வார். ஒரே முகம் பல நூற்றாண்டுகளில் தோன்றுவதே, 'இது ஒருவர் தரும் விளக்கம். நீயும் எண்ணிப் பார்' என்று காண்போருக்கு விடுக்கும் அழைப்பு. அதே காலத்தில் 'மகாபாரத்' தொடர் 94 ஞாயிறுகள் தெருக்களை வெறிச்சோடச் செய்தது. அதன் ஒளிவீச்சில் பழகிய கண்களுக்குப் பெனகலின் அடக்கம் வறுமையாகத் தோன்றியது. "சலிப்பூட்டுகிறது" என்பதே அன்று பெரும்பான்மையோர் தீர்ப்பு. ஒளிவட்டமும் பறக்கும் அம்பும் இல்லாத வரலாறு வரலாறே அன்று என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு குறை மட்டும் எனக்கும் உடன்பாடு. 53-இல் நான்கு என்பது கணக்கின்படி குறைவுதான். சோழருக்குப் பின் தமிழகம் அத்தொடரில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 1806-ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கும், வ. உ. சிதம்பரனார் கப்பல் விட்டதற்கும் தனியே ஒரு பகுதி ஒதுக்கப்படவில்லை. வங்கத்து மறுமலர்ச்சிக்கு ஒதுக்க முடிந்தது; மராட்டியத்து புலேவுக்கும் ஒதுக்க முடிந்தது. ஆகவே முறையீடு நியாயமானதே. ஆனால் முறையீட்டை எங்கே தொடுத்தோம்? தாழ்வாரத்தில். யாரிடம்? நமக்குள்ளே.

தொலைக்காட்சி காண்போரின் கருத்து செல்லாக்காசு என்று எண்ணற்க. அது தீயதாகவும் பாயக்கூடும். 'மகாபாரத்' தொடருக்கு ராஹி மாசூம் ரஸா வசனம் எழுதுகிறார் என்றதும், முஸ்லிம் ஒருவர் பாரதம் எழுதுவதா என்று கடிதம் எழுதியவர்கள் உண்டு. தாம் கங்கையின் மைந்தன் என்று சொல்லி அவர் எழுதியே தீர்த்தார். அதே கருத்து நல்லதாகவும் பாயும். 1988-இல் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடர் உத்தரகாண்டம் இன்றியே முடியப்போகிறது என்ற நிலையில், ஜாலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வால்மீகியைத் தம் குலகுருவாகப் போற்றும் மக்கள் அவர்கள். சீதைக்கு அடைக்கலம் தந்த முனிவரைக் காட்டாத இராமாயணம் நிறைவுறாது என்றனர். பிற நகரங்களுக்கும் அது பரவிற்று. அரசு இணங்கியது, உத்தரகாண்டம் தொடராக எடுக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று. தெருக்கூட்டும் தொழிலாளி தன் குருவுக்காகத் துடைப்பத்தைக் கீழே வைத்தான். அமைச்சகங்களின் நாற்காலிகளிலே அமர்ந்து கோப்பெழுதிய நாம், கண்ணகிக்காக ஒரு கார்டு எழுதினோமா? 'தமிழ்ப் புலவரையும் கலந்துகொள்க' என்றோ, 'இந்த நான்கு பகுதிகளையாவது தமிழ் எழுத்துரையுடன் மீண்டும் தருக' என்றோ நம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்றா? அவ்வாண்டுப் பொதுக்குழுவில் நீண்ட நேரம் பேசப்பட்டது தீபாவளி விருந்தின் இனிப்பு வகை குறித்து என்று நான் எழுதினால், செயலாளர் கோபங்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவரும் அன்று ஜாங்கிரிக் கட்சியில் இருந்தவரே.

இன்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தியே எளிதாக வருகிறது. நம்மில் பலருடைய பேரக் குழந்தைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கின்றனர். சிலர் அதுவும் இலர். அவர்களுக்குக் கண்ணகி இந்தியின் வழியாகத்தான் முதலில் வந்து சேர்கிறாள் என்றால், வந்தவளை வாயிலில் நிறுத்தி நகையாடுவது என்ன விருந்தோம்பல்? அவளை உள்ளே அழைத்து அமர்த்திவிட்டு, "இவள் எங்கள் வீட்டுப் பெண், இவள் கதையை எங்கள் மொழியில் கேள்" என்று இளங்கோவை எடுத்து வைக்க வேண்டியது நம் பொறுப்பு. பெனகல் தன் பங்கைச் செய்துவிட்டுப் போய்விட்டார்.

இதை எழுதுமுன் சங்க நூலகத்திற்குச் சென்று, பெரியோர் உரையுடன் கூடிய சிலப்பதிகாரத்தைக் கேட்டேன். இருந்தது. நூலகர் தூசி தட்டிக் கொடுத்தார். பின் அட்டையில் ஒட்டிய சீட்டில், எடுத்துச் சென்ற நாள் குறிக்கும் கட்டங்களில் மூன்றே முத்திரைகள். கடைசி முத்திரை 1987. தொடர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. நான்காவது முத்திரையை என் பெயரில் இடச் சொன்னேன். நூலகர் மேசை இழுப்பறையை இருமுறை துழாவிவிட்டு, முத்திரைக் கட்டையில் மை காய்ந்துவிட்டது என்றார்.